பரணில் கிடந்த பெட்டியிலிருந்து ஒரு பாய்மரக் கப்பல்: முதல் மர மாதிரி கட்டுவோருக்கு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரியிலிருந்து கடலுக்குச் சாலைவழி எப்படிப் போனாலும் இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. எங்கள் பக்கத்து மக்களுக்குப் பழக்கமான கலம் ஒகேனக்கல் பரிசல். மூங்கிலில் பின்னிய வட்டக் கூடை. அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் மாடியில் உட்கார்ந்து பாய்மரக் கப்பல் கட்டினால் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

என் சித்தப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஒரு விடுப்பில் வரும்போது ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய மரக் கப்பல் மாதிரிப் பெட்டியைக் கொண்டுவந்தார். கட்ட நேரம் வாய்க்காமல் அது பரணுக்குப் போயிற்று. 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோதே பெட்டிக்குப் பதினைந்து வயது இருக்கும். அதை இறக்கிக் கட்டி முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. பெட்டியில் இருந்த மரத்தில் பாதிகூட இன்று கப்பலில் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பழைய பெட்டியில் விலைமதிப்புள்ள பொருள் ஒன்றே ஒன்று, வரைபடம். மற்ற அனைத்துக்கும் நம் கடைவீதியிலேயே மாற்று உண்டு.

முதலில், எந்தக் கப்பல்?

எனக்கு வாய்த்தது ‘புளூநோஸ்’. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் லூனன்பர்க் என்ற ஊரில் 1921ஆம் ஆண்டு நீரில் இறக்கப்பட்ட இரட்டைப் பாய்மர ஸ்கூனர் அது. மீன்பிடிக் கப்பலாகவும் பந்தயக் கப்பலாகவும் ஓடியது. 1937 முதல் கனடாவின் பத்து சென்ட் நாணயத்தில் அதன் உருவம் இருக்கிறது. 1946ஆம் ஆண்டு ஹெய்ட்டிக் கடற்கரையருகே பாறைத்திட்டில் மோதி அழிந்தது. அசலின் நீளம் ஏறத்தாழ 43.6 மீட்டர், 75இல் ஒரு பங்கு அளவில் கட்டினால் 58 சென்டிமீட்டர் வரும். சாதாரண மேசையில் அடங்கிவிடும்.

முதல் கப்பலுக்கு ஸ்கூனர் ஏற்றது. பீரங்கி கிடையாது. பாய்கள் நீளவாக்கில் நிற்பதால் குறுக்காகத் தொங்கும் பருமல் மரங்கள் அடுக்கடுக்காக இல்லை. அந்த அளவுக்குக் கயிற்று வேலை குறையும். உங்கள் பரணில் இருப்பது ‘விக்டரி’ என்றால் மூடி, மறுபடி ஏற்றிவிடுங்கள். 1765இல் நீரில் இறங்கிய, 104 பீரங்கி தாங்கிய மூன்று பாய்மரப் போர்க்கப்பல் அது. அதில் தொடங்கியவர்களில் பலர் பாதி உடலோடு நிறுத்தியிருக்கிறார்கள். அது மூன்றாவது கப்பலுக்கு உரியது.

பெட்டியைத் திறக்கும் நாள்

திறந்தவுடன் பசையைத் தேடாதீர்கள். வெள்ளைத் துணியை விரித்து ஒவ்வொன்றாக வெளியே வையுங்கள். கப்பலின் உடலை மூடுவதற்கான மெல்லிய, நீண்ட மரப்பட்டைகளைச் சுற்றியிருந்த ரப்பர் வளையங்கள் உருகி ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் எண்ணெய்க் கறை நிற்கும். அவ்விடத்தில் பசை பிடிக்காது. கறையைச் சுரண்டுவதைவிட அந்த இரண்டு சென்டிமீட்டரை வெட்டி எறிவது மேல். பெட்டியின் மூலையில் மைதா மாவு போன்ற நுண்ணிய தூளும் மரத்தில் குண்டூசித் துளைகளும் இருந்தால் துளைப்பூச்சி குடியிருக்கிறது. அந்த மரத்தை எரித்துவிடுங்கள். வீட்டில் தேக்குக் கதவு இருக்கிறதல்லவா?

உலோக வார்ப்புகளைத் தனியே பாருங்கள். பழைய பெட்டிகளில் நங்கூரம், சிறு படகு போன்றவை ஈயம் கலந்த வார்ப்பாக இருக்கலாம். மரமும் அட்டையும் வெளிவிடும் அமில ஆவி பட்டு ஈயம் அரித்து, மேலே வெள்ளை மாவாகப் பூக்கும். அந்த மாவு நஞ்சு. உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது, ஊதவும் கூடாது. பையில் கட்டி அப்புறப்படுத்தி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பித்தளை கறுத்திருந்தால் கவலை இல்லை. புளி போட்டுத் தேய்த்தால் போகும். தருமபுரி, கிருஷ்ணகிரியில் புளிக்கா பஞ்சம்?

என்னிடமிருந்த வால்நட் மேற்பட்டைகளைப் பழக்கமான ஆசாரி ஒருவரிடம் காட்டினேன். அரை மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையை எடுத்து, இரு விரலுக்கிடையில் லேசாக வளைத்தார். ‘பட்’டென்று மூன்று துண்டானது. “இது பலகை இல்லை சார், அப்பளம்” என்றார்.

வரைபடம்: இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

பழைய வரைபடம் மடிப்புகளில் கிழிந்திருக்கும். குறிப்புகள் இத்தாலியத்திலோ ஸ்பானியத்திலோ இருக்கும். மொழி தெரியாவிட்டாலும் பாதகமில்லை, கோடு பேசும். ஆனால் அசலை வேலை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். கட்டட வரைபடம் நகலெடுக்கும் கடையில் இரண்டு முழு நகல் எடுங்கள்.

இங்கேதான் நான் முதல் அடி வாங்கினேன். கடைக்காரர் தாளுக்குப் பொருந்தட்டும் என்று இயந்திரத்தில் சற்றே சுருக்கிவிட்டார். கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அசலில் 200 மில்லிமீட்டர் இருந்த கோட்டை நகலில் அளந்தால் 196. இரண்டு சதவீதம் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தால், 58 சென்டிமீட்டர்க் கப்பலில் அது 12 மில்லிமீட்டர். அந்த நகலைப் பார்த்து வெட்டிய சட்டம் எதுவும் பெட்டியில் உள்ள சட்டத்தோடு சேராது. எனவே அசலில் நீளவாக்கில் ஒன்றும் அகலவாக்கில் ஒன்றுமாக 20 சென்டிமீட்டர்க் கோடு பென்சிலால் போட்டுக்கொண்டு போங்கள். கடையிலேயே அளந்து பார்த்துப் பணம் கொடுங்கள்.

கருவிகள்

மெல்லிய கத்தி, எஃகு அளவுகோல், சிறு மூலைமட்டம், நுண்பல் ரம்பம், 120, 220, 400 எண் உப்புத்தாள்கள், கையால் சுழற்றும் சிறு துளைப்பான், அரை மில்லிமீட்டர் முதல் 2 வரை துளை ஊசிகள். பிடிமானத்துக்குத் துணி கிளிப் இரண்டு டஜன். பசைக்கு வெள்ளை மரப்பசை. அவசரத்துக்கு மட்டும் ஃபெவிக்விக்.

நகைத்தொழில் கருவிகள் விற்கும் கடைக்கு ஒருமுறை போய் வாருங்கள். சாமணம், நுண் அரம், குறடு எல்லாம் அங்கே கிடைப்பது போல் வேறெங்கும் அமையாது. அங்கேயே கம்பியச்சு என்று ஒன்று கேளுங்கள். வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் துளைகள் கொண்ட எஃகுத் தகடு. பொன் கம்பியை இழுத்து மெலிதாக்கப் பொற்கொல்லர் பயன்படுத்துவது. மூங்கில் சிம்பைக் கூராக்கி அதில் துளை துளையாக இழுத்தால் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் உருண்டையான மூங்கில் ஆணி கிடைக்கும். மேல்தளத்தில் வைக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் அடியில் இப்படி ஓர் ஆணி வைத்துப் பொருத்துங்கள். வெறும் பசையில் நிற்பது, பின்னாளில் கயிற்றைக் கட்டி இழுக்கும்போது கையோடு வந்துவிடும்.

இன்னொன்று, தட்டையான தளம். இதற்கு நம் மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது. கிரானைட் மெருகேற்றும் பட்டறைகளின் ஓரத்தில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் குவிந்திருக்கும். 75 சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்று கேட்டு வாங்கினேன். வெயிலுக்கும் மழைக்கும் வளையாத மேசை அது. அடுத்துவரும் பாதி வேலை இந்தக் கல்லின் மேல்தான்.

எலும்புக்கூடு

மாதிரிக் கப்பலின் நடுவில் நீளவாக்கில் நிற்கும் முதுகுப்பலகையே ஆதாரம். படகு கட்டுவோர் மொழியில் அடிமரத்துக்கு ஏரா என்று பெயர், முன்முனைக்கு அணியம். பரிசலுக்கு இரண்டும் இல்லாததால்தான் அது நின்ற இடத்தில் சுழல்கிறது. நம் கப்பல் நேரே பார்க்க வேண்டுமானால் ஏரா நேராக இருக்க வேண்டும்.

முதுகுப்பலகையைக் கல்லின் மேல் படுக்க வைத்து ஓரங்களை விரலால் அழுத்துங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. குழிந்த பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து, இரு கல்லுக்கு நடுவே வைத்து, மேலே கனம் ஏற்றி நான்கு நாள் விடுங்கள். பெரும்பாலும் நிமிரும். நிமிராவிட்டால் வரைபட நகலை 5 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒட்டிப் புதிதாக அறுத்துவிடுங்கள். ஒரு மாலை வேலை. வளைந்த ஏராவில் கட்டிய கப்பலை எந்தப் பசையும் பிறகு நிமிர்த்தாது.

முதுகுப்பலகையின் இடுக்குகளில் விலா எலும்பு போலச் செருகும் குறுக்குச் சட்டங்களைப் பசையில்லாமல் முதலில் எல்லாவற்றையும் பொருத்திப் பாருங்கள். இடுக்கு இறுக்கமாக இருந்தால் அரத்தால் ஒரு இழுப்பு. அடித்துச் செருகாதீர்கள், முதுகு பிளக்கும். ஒட்டும்போது ஒவ்வொரு சட்டத்தையும் மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். முன்முனையில் முதல் இரண்டு சட்டங்களுக்கு இடையில் மென்மரக் கட்டை வைத்து நிரப்பிச் செதுக்கிவிட்டால், அங்கே பட்டை வளைவது பாதி சுலபமாகும். இந்தக் கட்டை பெட்டியில் இருக்காது. நான் மாம்பழப் பெட்டிப் பலகையில் செதுக்கினேன்.

சாய்வு தேய்த்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நின்று படிக்கப்போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

குறுக்குச் சட்டங்களின் விளிம்பு சதுரமாக வெட்டப்பட்டிருக்கும். ஆனால் கப்பலின் உடல் முன்னும் பின்னும் குறுகுவதால் பட்டை அந்த விளிம்பைச் சாய்வாகத்தான் தொடும். விளிம்பைச் சாய்க்காமல் ஒட்டினால் பட்டை ஒரு கூர்முனையில் மட்டும் உட்காரும். ஒட்டும்போது தெரியாது. வண்ணம் பூசியபின் வெளிச்சத்தில் பார்த்தால் பட்டினி கிடந்த மாட்டின் விலா போல ஒவ்வொரு சட்டமும் தெரியும்.

செய்முறை இது. எல்லாச் சட்ட விளிம்புகளையும் பென்சிலால் கறுப்பாக்குங்கள். நீளமான மரச்சட்டத்தில் 120 எண் உப்புத்தாளை ஒட்டி, மூன்று நான்கு சட்டங்களை ஒரே நேரத்தில் தொடும்படி நீளவாக்கில் தேயுங்கள். முன்பாதிச் சட்டங்களில் முன் விளிம்பு தேய வேண்டும், பின்பாதியில் பின் விளிம்பு. நடுப் பக்க விளிம்பில் பென்சில் கோடு மயிரிழை அளவுக்கு மிஞ்சியிருக்க வேண்டும். அதுவும் அழிந்தால் கப்பல் மெலிந்துவிட்டது என்று பொருள். இடையிடையே ஒரு பட்டையைச் சட்டங்களின் மேல் வளைத்து வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தச் சட்டத்தில் இன்னும் வேலை இருக்கிறது. பள்ளமாக இருந்தால் மெல்லிய சீவலை ஒட்டி மேடாக்கித் தேயுங்கள்.

எனக்கு நான்கு மாலை ஆனது. மூன்றாம் நாள் பட்டையைக் கையால் வழித்தபோது, முன்முனையிலிருந்து பின்முனை வரை எங்கும் தட்டாமல் வாழைமட்டை மேல் விரல் ஓடுவது போல ஓடியது. அப்போதும் நான்காவது மாலை தேவைப்பட்டது, இடப்பக்கத்துக்கு.

மேல்தளம்

உடல் மூடும் முன்பே மேல்தளத்தை ஒட்டிவிடுங்கள், எலும்புக்கூட்டை அது இறுக்கிப் பிடிக்கும். அசல் கப்பலில் பலகைகளுக்கு இடையே நாரைத் திணித்துக் கீல் ஊற்றி அடைப்பார்கள். நம் கடற்கரையில் இதற்குக் கலப்பற்று என்று பெயர். மாதிரியில் ஒவ்வொரு பட்டையின் ஓர் ஓரத்தை மட்டும் பென்சிலால் கறுப்பாக்கி ஒட்டினால் அந்தக் கோடு வரும். இரண்டு ஓரத்தையும் கறுப்பாக்காதீர்கள், தளம் சிறைக்கம்பி போலாகிவிடும். பட்டையை எட்டு முதல் பத்து சென்டிமீட்டர்த் துண்டுகளாக வெட்டி, செங்கல் சுவரைப் போல மூட்டுகளை மாற்றி மாற்றி வையுங்கள். அசலில் இருபது, இருபத்து நான்கு அடிப் பலகைக்கு இந்த அளவு ஒத்துவரும்.

உடலுக்குப் பட்டை

முதல் அடுக்குக்கு 1.5 மில்லிமீட்டர் மென்மரம். இந்த அடுக்கு வெளியே தெரியாது. ஆகவே இங்கே தவறு செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு.

புதிய பட்டை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறினால் போதும். வருடக்கணக்காகப் பரணில் காய்ந்ததற்கு முக்கால் மணியாவது வேண்டும். ஊறியதைச் சூடான இஸ்திரிப் பெட்டியின் ஓரத்தில் மெல்ல அழுத்தி வளையுங்கள். கப்பலில் கிளிப் போட்டு ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் பசை தடவுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது பட்டை சுருங்கி நடுவில் இடைவெளி விழும். சித்திரை வெயிலில் இந்த இடைவெளி நகம் நுழையும் அளவுக்குத் திறக்கும்.

எல்லாப் பட்டையும் ஒரே அகலமாகப் போனால் முன்முனையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கணக்கு எளிது. நடுச் சட்டத்தில் தளத்திலிருந்து ஏரா வரை காகிதப் பட்டையை ஓட்டி அளந்து பாருங்கள். 95 மில்லிமீட்டர் வந்தால், 5 மில்லிமீட்டர் அகலப் பட்டைகள் 19. முதல் சட்டத்தில் அதே அளவு 57 வந்தால், அதை 19ஆல் வகுத்தால் 3. ஆக, ஒவ்வொரு பட்டையும் முன்முனையில் 3 மில்லிமீட்டராகக் கூம்ப வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே கூர்மையாக்காதீர்கள். அதற்கும் இடமில்லாவிட்டால் ஒரு பட்டையை முன்னதாகவே நிறுத்தி, பக்கத்துப் பட்டையை அந்த இடத்தில் உட்காரவைக்கலாம். பின்பகுதியில் இதற்கு நேர்மாறு: இடைவெளி விரியும், முக்கோணத் துண்டு வைத்து நிரப்ப வேண்டும்.

இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் வலப்பக்கம் ஒன்று. ஒரு சனிக்கிழமை இரவு உற்சாகத்தில் ஒரே பக்கத்தில் ஐந்து பட்டை ஒட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கல்லின் மேல் வைத்துப் பார்த்தால், நான்கு நாள் கனம் ஏற்றி நிமிர்த்திய ஏரா செவ்வாழைப் பழம்போல வளைந்திருந்தது. ஐந்தையும் பிய்த்தேன். வெள்ளைப் பசையாக இருந்ததால் ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் வைத்து எடுக்க முடிந்தது. அவசரப் பசையால் ஒட்டியிருந்தால் மரத்தோடுதான் வந்திருக்கும்.

மூடி முடித்தபின் மரப் புட்டியால் பள்ளங்களை நிரப்பி, 120இல் தொடங்கி 220 வரை தேயுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் கண்ணுக்குத் தப்பிய மேடு கைக்குத் தெரியும்.

இரண்டாம் அடுக்கு பெட்டியில் அப்பளமாகிவிட்டிருந்தால் பிளைவுட் கடையில் மெல்லிய மரச்சீவல் துண்டுகளைக் கேட்டு வாங்கிப் பட்டையாக வெட்டலாம். புளூநோஸுக்கு அதிலும் ஒரு சலுகை உண்டு. அதன் உடல் மேலே கறுப்பு, நீருக்குக் கீழே சிவப்பு, நடுவே வெள்ளைக் கோடு. வண்ணம் மூடப்போவதால் எந்த மரமானால் என்ன? நீர்மட்டக் கோட்டைக் கண் அளவில் போடாதீர்கள். கப்பலைக் கல்லின் மேல் அசையாமல் நிறுத்தி, சரியான உயரத்தில் ஒரு கட்டைமேல் பென்சிலைக் கட்டி, கட்டையைக் கப்பலைச் சுற்றி நகர்த்துங்கள். வண்ணத்தை மழைநாளில் பூச வேண்டாம்.

பாய்மரங்கள்

பெட்டியில் உள்ள உருண்டைக் குச்சியைக் கல்லின் மேல் உருட்டுங்கள். துள்ளினால் கோணல், மாற்றுங்கள். கூம்பாக்க, குச்சியின் ஒரு முனையை மின் துளைப்பானில் மாட்டி, சுழலவிட்டு உப்புத்தாளால் பிடியுங்கள். விரல் சுடும், துணி சுற்றிக்கொள்ளுங்கள். ஸ்கூனரின் பாய்மரங்கள் சற்றே பின்பக்கம் சாய்ந்து நிற்கும். வரைபடத்தில் அந்தக் கோணத்தை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு பசை காயும்வரை காவல் இருங்கள்.

கயிறு

பழைய பெட்டியின் நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருக்கும். தூக்கிப் போடுங்கள். தையல் கடையில் நல்ல பருத்தி நூலோ பாலியஸ்டர் நூலோ இரண்டு நிறத்தில் வாங்குங்கள். பாய்மரத்தை நிலையாகத் தாங்கும் கயிறுகள் தார் பூசியவை, அதனால் கருமை. பாய்களை ஏற்றி இறக்கும் கயிறுகள் வைக்கோல் நிறம். எல்லா நூலையும் தேன்மெழுகில் இருமுறை இழுத்துவிட்டால் பஞ்சு படியும், முடிச்சு நழுவாது. கயிற்று முடிச்சில் அவசரப் பசையைத் தாராளமாக விட்டால் கறுப்பு நூலில் வெண்பூச்சு படரும். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து ஊசிமுனையால் தொட்டு வையுங்கள்.

பக்கவாட்டில் இழுக்கும் கயிறுகள் மூன்று கண் கொண்ட மரவட்டுகள் வழியாக உடலில் கட்டப்படும். வலப்பக்கத்தில் முன்னால் உள்ள முதல் இணைக் கயிற்றில் தொடங்கி இடம், வலம் என்று மாறி மாறிக் கட்டுவது கப்பற்காரர் வழக்கம். ஒன்றை முறுக்கினால் மற்றொன்று தளரும் என்பதால், எல்லாக் கயிற்றையும் முதலில் தற்காலிக முடிச்சில் நிறுத்துங்கள். பாய்மரம் முன்னிருந்து பார்த்தாலும் நேர், பின்னிருந்து பார்த்தாலும் நேர் என்றபின் முடியுங்கள்.

அடுத்தது, இந்தப் பக்கக் கயிறுகளுக்குக் குறுக்கே படிபோலக் கட்டும் ஏணிக் கயிறுகள். ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு போட்ட அட்டையைக் கயிறுகளுக்குப் பின்னால் வைத்து, ஒவ்வொரு கயிற்றையும் சந்திக்கும் இடத்தில் ஒரு முடிச்சு: ஒரு சுற்று, குறுக்கே ஏறி இன்னொரு சுற்று, நுனியைத் தன்னடியிலேயே நுழைத்தல். இழுக்கும்போது பக்கக் கயிறுகள் உள்பக்கம் இடுங்கக் கூடாது. இடுங்கினால் ஏணி நடுவில் இடுப்பு வைத்தது போலாகும்.

முதல் மாலை முழுக்க நான் கட்டியது ஆறு படி. எதிரில் சாமந்தி கட்டிக்கொண்டிருந்த அம்மா பார்த்தார். “இதற்கா இவ்வளவு நேரம், கண்ணு? நூலை இப்படிக் கொடு” என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாமணத்தைத் தொடவே இல்லாமல், ஆள்காட்டி விரலில் நூலைச் சுழற்றி வளையமாக்கிக் கயிற்றில் கோத்து இழுத்தார். சந்தைக்குப் பூக்கட்டிய கை. என் ஆறு படிக்கு மேல் அவர் பதினொன்று கட்டினார்; இன்றைக்கும் இடப்பக்கத்தில் எது யாருடைய முடிச்சு என்று உற்றுப் பார்த்தால் தெரியும். பூக்கட்டத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டத்தில் அவர் தயவை நாடுங்கள்.

பாய்த் துணியை முதல் கப்பலில் விட்டுவிடலாம். பெட்டித் துணி மஞ்சள் பாரித்திருக்கும், அதன் நெசவும் இந்த அளவுக்கு முரடு. பாய் கட்டாயம் வேண்டும் என்பவர்கள், பலமுறை துவைத்து நைந்த மல் வேட்டியைத் தேநீரில் தோய்த்து எடுங்கள். தையல் இயந்திரம் வேண்டாம். மூட்டுக்கோடுகளைப் பென்சிலால் போட்டாலே போதும்.

கண்ணாடிக் கூண்டு

இந்த ஊர்த் தூசி ஒரே மாதத்தில் கயிறுகளில் மயிர் முளைத்தது போலப் படியும். துடைக்க முயன்றால் கயிறு அறுபடும். ஆகவே கடைசிப் பசை காய்ந்ததும் கூண்டு வந்துவிட வேண்டும். மீன்தொட்டி செய்யும் கடையில் 80க்கு 25க்கு 65 என்று சென்டிமீட்டரில் அளவு கொடுத்தேன். எத்தனை மீன் விடப் போகிறீர்கள் என்று கேட்டார். கவிழ்த்து வைக்கப் போகிறேன் என்றதும் அளவைத் திரும்பவும் எழுதிக் காட்டச் சொன்னார். அடிப்பலகையில் பின்பக்கமாக இரண்டு சிறு துளை போட்டு, உள்ளே கொசுவலைத் துண்டு ஒட்டியிருக்கிறேன். மரத்தின் ஆவி வெளியேற வழியில்லாவிட்டால், மிச்சம் வைத்த வார்ப்புகளில் ஈயம் இருக்கும்பட்சத்தில் அவையும் சில வருடத்தில் மாவாகப் பூத்துவிடும்.